முடி கொட்டாத நாய்: பூடில் வளர்த்த ஆறு ஆண்டுகள்

"முடி கொட்டாது, வாடை வராது, அடுக்குமாடி வீட்டுக்கு இதைவிடத் தோதான நாய் கிடையாது" என்று சொல்லித்தான் 2019 அக்டோபரில் எங்களிடம் சுருள்முடி கொண்ட பூடில் இனக் குட்டி ஒன்றை விற்றார்கள். சென்னையில், மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில் அதை வளர்க்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன. விற்றவர் சொன்னவற்றில் முதலாவது ஒரு வகையில் உண்மை. ஆனால் அந்த உண்மைக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

பூடிலைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என் மனைவிக்கு அவ்வப்போது வரும் மூச்சிரைப்பு. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் பொடுகிலும் இருப்பதால், ஒவ்வாமையே தராத நாயினம் என்று ஒன்று கிடையாது என்பதை மருத்துவர் முன்கூட்டியே தெளிவுபடுத்தியிருந்தார். அவருடைய யோசனைப்படி, பூடில் வளர்க்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சில மணி நேரம் இருந்து பார்த்த பிறகே முடிவெடுத்தோம். மனைவிக்கு இதுவரை தொந்தரவு வரவில்லை. அதை வைத்து மற்றவர்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன்.

அவ்வளவு யோசித்தவர்கள் வாங்கும் இடத்தில் கோட்டைவிட்டோம். எட்டு வாரக் குட்டி, டாய் வகை, வளர்ந்தாலும் மடியில் அடங்கும் என்று சொல்லி ரூ.45,000 வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் பல்லைப் பார்த்த கால்நடை மருத்துவர், ஆறு வாரம்கூட ஆகியிருக்காது என்றார். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்வதை அன்றுதான் அறிந்தோம். சர்வதேச நாய்கள் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. பூடிலை உயரத்தைக் கொண்டு நான்காகப் பிரிக்கிறது: 28 செ.மீ. வரை டாய், 35 வரை மினியேச்சர், 45 வரை நடுத்தரம், அதற்கு மேல் ஸ்டாண்டர்ட். எங்கள் 'டாய்' இன்று 34 செ.மீ. உயரமும் ஏழரைக் கிலோ எடையுமாக நிற்கிறது. (விளம்பரங்களில் வரும் 'டீகப்' என்பது எந்த அளவும் அல்ல, விற்பவர்கள் சூட்டிய பெயர்.) இந்தியக் கென்னல் கழகத்தின் தலைமையகம் இருக்கும் அதே ஊரில் வசித்துக்கொண்டு, அதன் பதிவுச் சான்றிதழைக் கேட்காமல் குட்டி வாங்கியது எங்கள் தவறு.

அடர்ந்த பழுப்பு நிறத்தில் இருந்ததால் கருப்பட்டி என்று பெயர் வைத்தோம். பழுப்பு பூடில்கள் பலவற்றுக்கு இரண்டு, மூன்று வயதுக்குள் நிறம் வெளுத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது அது பால் கூடுதலாக ஊற்றிய காப்பியின் நிறத்தில் இருக்கிறது, பெயரை மாற்றவில்லை.

முதல் மூன்று மாதங்கள் கடிகாரத்தைப் பார்த்தே கழிந்தன. சிறிய இனக் குட்டிகள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கிவிடக்கூடும் என்பதால் நாளுக்கு நான்கு வேளை உணவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி பல தவணைகளில் பதினாறு வாரம் வரை, மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. அதுவரை கீழே தெருவில் இறக்கவே இல்லை. பால்கனியில் விரித்த செய்தித்தாளில் சிறுநீர் கழிக்க இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டது. கோரைப் பால்பற்கள் விழாமல் புதுப் பற்களோடு சேர்ந்தே நின்றதால், கருத்தடை அறுவையின்போது அவற்றையும் பிடுங்கச் செய்தோம். சிறிய நாய்களுக்கு இது சகஜம் என்றார்கள்.

இனி முடிக்கு வருகிறேன். பூடிலுக்கும் முடி உதிர்கிறது. ஆனால் தரையில் விழாமல் சுருள்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தங்கிய முடி சிக்காகி, சிக்கு இறுகிக் கம்பளித் துண்டு போலத் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. மற்ற நாய் வளர்ப்பவர்கள் துடைப்பத்தால் கூட்டி அள்ளுவதை நாம் சீப்பால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் குட்டிப்பருவத்து மென்முடி போய்ச் சுருண்ட தடித்த முடி வளரும் காலம் ஒன்று இருக்கிறது; அப்போது காலையில் சீவிய இடத்தில் மாலையில் சிக்கு இருக்கும். எங்களுக்கு அந்தக் காலம் 2020-இல், கொரோனா ஊரடங்கில், நாய்களுக்கு முடி வெட்டும் கடைகள் அனைத்தும் பூட்டிக் கிடந்த மாதங்களில் வந்து சேர்ந்தது. மேலே பிரஷ்ஷை ஓட்டினால் பஞ்சுருண்டை போல அழகாக இருந்ததால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டோம். வெயிலுக்கு இதமாக அடிக்கடி குளிப்பாட்டவும் செய்தோம். சிக்கோடு நனைந்த முடி காயும்போது இன்னும் இறுகும் என்பது தெரியாது. கடை திறந்த அன்று அக்குளிலும் காதின் பின்புறமும் தொடையிடுக்கிலும் கத்தரிக்கோல் நுழைய வழியில்லை. உடம்பு முழுவதையும் ஒட்ட மழித்தபோது, சடையின் அடியில் தோல் சிவந்து இரண்டு இடங்களில் புண்ணாகியிருந்தது. எலிக்குட்டி போல நடுங்கிக்கொண்டு வந்த அதைப் பார்த்து, நாய் வேண்டாம் என்று முதல் நாளிலிருந்து சொல்லிவந்த என் அம்மாதான் அதிகம் வருந்தினார்.

அன்று தொடங்கிய ஒழுங்கு இன்றுவரை நடக்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் பாயில் படுக்கவைத்து, முடியைக் கையால் வகிடுபோலப் பிரித்து, தோல் தெரியும்படி வரி வரியாக மெல்லிய கம்பிகள் நெருக்கமாக உள்ள ஸ்லிக்கர் பிரஷ்ஷால் சீவி, பின்னர் எஃகுச் சீப்பை அடிவேரிலிருந்து நுனிவரை இழுத்துப் பார்க்கிறோம். சீப்பு தடைப்படாமல் வந்தால்தான் அந்த இடம் முடிந்தது என்று பொருள். பதினைந்து நிமிடம் ஆகும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை கடையில் முடி வெட்ட ரூ.1,800 ஆகிறது, முகம், பாதம், ஆசனவாய்ப் பகுதிகளை இடையில் நாங்களே கிளிப்பரால் எடுத்துவிடுகிறோம். கோடையிலும் தோல் தெரிய மழிப்பதில்லை, வெயில் நேராகத் தோலில் படும் என்பதால் ஒரு செ.மீ. அளவாவது விடச் சொல்கிறோம். படங்களில் காணும் சிங்கப் பிடரி வெட்டு எங்களுக்குத் தேவைப்படவில்லை; நீரில் விழுந்த பறவையை எடுத்துவரும் வேட்டை நாயாகப் பூடில் இருந்த நாளில், நீந்த எளிதாக உடம்பை மழித்து, மார்பையும் மூட்டுகளையும் குளிரிலிருந்து காக்க அங்கே மட்டும் முடியை விட்ட வழக்கத்தின் எச்சம் அது. மாம்பழம் பழுக்கும் வெயிலில் மூட்டுக்குக் கம்பளி எதற்கு?

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தொல்லை வேறு வகையாக வரும். நனைந்த சுருள்முடி உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு வெளியே காய்ந்ததுபோல் காட்டும் என்பதால் குறைந்த சூட்டில் உலர்த்தியைப் பிடித்து அடிவரை காயவைக்க வேண்டும். தொங்கும் காதுக்குள்ளும் முடி வளர்வதால் காற்றோட்டம் குறைந்து பூஞ்சை பிடிக்கிறது. தலையை உதறினாலோ காதில் புளித்த வாடை வந்தாலோ தாமதிக்காமல் காட்டிவிடுகிறோம்.

ஆனால் முடி செய்த மிகப் பெரிய மோசம் 2022 மே மாதத்தில் நடந்தது. இரண்டு நாளாகச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்ட கருப்பட்டியை அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் காட்டினோம். வெயில் அசதி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் இரவு வயிற்றைச் சீவும்போது மழித்த இடத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஈறும் வெளுத்திருந்தது. மறுநாள் வேறொரு மருத்துவரிடம் எடுத்த இரத்தப் பரிசோதனையில், இரண்டு இலட்சத்தை ஒட்டியேனும் இருக்க வேண்டிய தட்டணுக்கள் 38,000-க்கு இறங்கியிருந்தன. உண்ணி கடித்ததால் வரும் எர்லிக்கியா காய்ச்சல். டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுத்துத் தேறியது. குட்டை முடி நாயில் கண்ணுக்குத் தெரியும் உண்ணி, எங்கள் நாயில் கால்விரல் இடுக்கில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. அதன் பின்னர் பன்னிரண்டு வாரம் பலன் தரும் உண்ணித் தடுப்பு மாத்திரையை நாட்காட்டியில் குறித்து வைத்துக் கொடுக்கிறோம். நடந்து திரும்பியதும் விரலிடுக்கு, காதுமடல், கழுத்துப்பட்டையின் அடி மூன்றையும் விரலால் தடவிப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை.

குணத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. சொன்னதை நான்கைந்து முறையில் கற்கும், சொல்லாததையும் கற்கும். எரிவாயு உருளை வண்டியின் சத்தத்துக்குக் குரைத்தால் நாங்கள் ஓடி வருகிறோம் என்று கண்டுகொண்டது முதல் அந்தக் குரைப்பை நிறுத்த எட்டு மாதம் ஆயிற்று. குடியிருப்போர் சங்கத்தில் மின்தூக்கியில் நாயை ஏற்றக் கூடாது என்று ஒரு தீர்மானம் வந்தபோது, விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டிப் பேசினேன், தீர்மானம் கைவிடப்பட்டது. மாநகராட்சி உரிமத்தையும் இணையவழியே ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்கிறோம். உணவில் ஒரே எச்சரிக்கை: வெங்காயம் கரைந்த சாம்பார் சோறும் உலர்திராட்சை போட்ட பாயசமும் நாய்க்கு நஞ்சு. விருந்தாளிகளுக்கு இதைச் சொல்வதுதான் கடினம்.

கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுப்பதை நிறுத்தி மார்புப்பட்டைக்கு மாறியதும், சோபாவுக்கு ஒரு படி செய்து வைத்ததும் மூச்சுக்குழலையும் முழங்கால் சில்லையும் நினைத்துத்தான். இரண்டுமே சிறிய பூடில்களுக்குப் பலவீனமான இடங்கள்.

சென்ற மாதம் எங்கள் மாடிக்குக் கீழே குடியிருக்கும் தம்பதியர், முடி கொட்டாது என்பதால் பூடில் வாங்கலாமா என்று கேட்டு வந்தார்கள். நான் எதையும் விளக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இரவு ஒன்பது மணிக்கு வரச் சொல்லி எஃகுச் சீப்பைக் கையில் கொடுத்தேன். முதல் வாரம் ஒரு முன்னங்காலைச் சீவி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. இரண்டாம் வாரம் இருபது. யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.