எட்டுக்கு இரண்டு: எபிக் 7302பி, ஜியான் சில்வர் 4216 பயன்படுத்திய அனுபவம்

கோவை கணபதியில் வால்வு தயாரிக்கும் நண்பர் சென்ற வாரம் கூப்பிட்டார். "பழைய எபிக் சர்வர் ஒன்று மலிவாக வருகிறது. உங்களிடம் எபிக், ஜியான் இரண்டும் இருக்கின்றனவே, எதை வாங்கலாம்?" என்றார். இரண்டும் சர்வர் பிராசசர்கள்; எபிக் ஏ.எம்.டி.யுடையது, ஜியான் இன்டெலுடையது. "எபிக்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். இரவு முழுவதும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பதிலில் தவறு இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி வாங்கினால், நான் விழுந்த அதே பள்ளத்தில் அவரும் விழுவார்.

கோவையில் போர்வெல் பம்புகளுக்கு இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) வடிவமைக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. வார்ப்புக்கு அனுப்பும் முன், உள்ளே தண்ணீர் எப்படி ஓடும் என்பதை ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளில் கணக்கிட்டுப் பார்ப்போம். இதற்காக 2020இல் ஜியான் சில்வர் 4216 போட்ட சர்வர் வாங்கினோம். அடுத்த ஆண்டு எபிக் 7302பி வந்து சேர்ந்தது. இரண்டும் 2019இல் வெளியானவை, இரண்டிலும் 16 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்). அறிமுக விலை ஜியானுக்கு ஏறக்குறைய 1,000 டாலர், எபிக்குக்கு 825 டாலர். அடிப்படை வேகம் ஜியானில் 2.1 கிகாஹெர்ட்ஸ், எபிக்கில் 3.0. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரியான எல்3 கேஷ் ஜியானில் 22 எம்.பி., எபிக்கில் 128 எம்.பி. காகிதத்தில் பார்த்தால் இது போட்டியே இல்லை.

அப்படி நம்பித்தான் எபிக்கில் முதல் வேலையை ஏற்றினேன். ஜியானில் சுமார் 10 மணி நேரம் எடுக்கும் கணக்கு அது. மாலை 6 மணிக்கு ஏற்றிவிட்டுப் போனேன். மறுநாள் காலை 8 மணிக்கு அலுவலகம் வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. 9 மணிக்குத்தான் முடிந்தது. மறுபடி ஏற்றினேன், அதே 15 மணி நேரம்.

அதன் பிறகு ஒன்றரை ஆண்டுகள் நாங்கள் சந்தேகப்படாத பொருள் இல்லை. லினக்ஸை மாற்றினோம், ஓப்பன்ஃபோமை மறுபடி கம்பைல் செய்தோம், சர்வர் எழும்போது முதலில் ஓடும் பயாஸில் இருக்கும் ஒவ்வொரு அமைப்பையும் திருப்பிப் பார்த்தோம். தண்ணீர் ஓடும் இடத்தைச் சிறு செல்களாகப் பிரித்து மெஷ் போடும் இளைஞரிடம், "உங்கள் மெஷ் சரியில்லை, அதனால்தான் கணக்கு இழுக்கிறது" என்று இரண்டு முறை கடுமையாகவே சொல்லிவிட்டேன். அதே மெஷ் ஜியானில் ஒழுங்காக ஓடியதே என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். இன்று நினைத்தாலும் வலிக்கிறது.

உண்மை ஒரு பழுதால் வெளியே வந்தது. ஒரு நாள் எபிக் சர்வர் எழுந்திருக்கவில்லை. ரேம் ஒன்று போய்விட்டது என்றார் பழுது பார்க்க வந்தவர். மூடியைத் திறந்தவர் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதில் இரண்டே ரேம்தானே போட்டிருக்கிறார்கள்?" என்றார். ஆமாம், 64 ஜி.பி. இரண்டு, மொத்தம் 128 ஜி.பி. பட்டியலில் எழுதியிருந்ததும் அதுதான். "இது எட்டு சேனல் பிராசசர் சார். ஆறு சேனல் காலியாகக் கிடக்கிறது" என்றார். சேனல் என்பது ரேமிலிருந்து பிராசசருக்குத் தரவு வரும் பாதை. மாற்று ரேம் வரும்வரை சமாளிக்கத் தன்னிடமிருந்த 16 ஜி.பி. ரேம் எட்டைப் போட்டுவிட்டுப் போனார். மொத்த அளவு அதே 128 ஜி.பி.தான்.

அன்று மாலை 6 மணிக்கு அதே வேலையை ஏற்றினேன். நள்ளிரவுக்கு முன்பே முடிந்திருந்தது.

பம்பு செய்பவன் நான். இதை முதல் நாளே கண்டுபிடித்திருக்க வேண்டும். சக்‌ஷன் பக்கம் தண்ணீர் போதாவிட்டால் எவ்வளவு பெரிய மோட்டார் போட்டும் பயன் இல்லை என்று வாடிக்கையாளர்களுக்கு நாங்கள்தான் பாடம் நடத்துகிறோம். ஓப்பன்ஃபோம் போன்ற கணக்குகளும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் கோடிக்கணக்கான செல்களின் எண்களை மெமரியிலிருந்து இழுக்க வேண்டும். இழுத்த எண்ணின் மேல் செய்யும் கணக்கு கொஞ்சம்தான். டிடிஆர்4 3200 வேக ரேமில் ஒரு சேனல் நொடிக்கு 25.6 ஜி.பி. தரும். எட்டும் நிறைந்தால் 204.8. என் எபிக்கில் இருந்தவை இரண்டு, ஆகவே 51.2. ஜியானுக்கு ஆறு சேனல்கள், டிடிஆர்4 2400 வேகம், ஒவ்வொன்றும் 19.2, மொத்தம் 115.2. அதை விற்றவர் ஆறு இடத்திலும் 16 ஜி.பி. போட்டு 96 ஜி.பி.யாகக் கொடுத்திருந்தார். குறைந்த ரேம் வைத்திருந்த சர்வர் ஒன்றரை ஆண்டுகள் வென்றுகொண்டிருந்தது இதனால்தான்.

எபிக் சர்வரை விற்ற நிறுவனத்தைக் கேட்டேன். "பின்னால் விரிவாக்க வசதியாக இருக்கட்டும் என்று பெரிய ரேம் போட்டோம்" என்றார்கள். விரிவாக்கமா? 16 கோர்களையும் பட்டினி போட்டுவிட்டு என்ன விரிவாக்கம்! என்ன வேலைக்கு வாங்குகிறோம் என்று கொள்முதல் கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தோம். அதைப் படித்த ஒருவருக்குக்கூட எட்டு சிறிய ரேம் போடத் தோன்றவில்லை.

எட்டும் நிறைந்த பிறகு எபிக் 7302பி எனக்குத் தந்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். இந்த பிராசசரில் இரண்டு கோர்களுக்கு 16 எம்.பி. கேஷ் தனியாக இருக்கிறது. மெஷ்ஷை 16 துண்டாக வெட்டிக் கொடுத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 8 எம்.பி. கிடைக்கிறது. பயாஸில் மெமரியை நான்கு பகுதியாகப் பிரிக்கும் என்.பி.எஸ். 4 அமைப்பை வைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு கோரோடு கட்டிப்போட்டால் இன்னும் சிறிது வேகம் கூடுகிறது. ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 வசதி ஜியானில் இருக்கிறது, எபிக்கில் இல்லை. எங்கள் வேலைக்கு அந்தக் குறை தெரியவே இல்லை. வெப்பம் மட்டும் தெரிகிறது. எபிக் 155 வாட், ஜியான் 100 வாட்.

நண்பருக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். 7282 என்று இன்னொரு எபிக் மலிவாக வரும். அதுவும் 16 கோர்தான். ஆனால் கேஷ் 64 எம்.பி., மெமரியிலிருந்து இழுக்கும் திறனும் நான்கு சேனல் அளவுக்கே. கோப்புகள் வைக்கவும் மின்னஞ்சலுக்கும் அது போதும், நம் வேலைக்கு வேண்டாம். அடுத்து, சில நிறுவனங்களின் சர்வரில் ஒரு முறை ஓடிய எபிக் அந்த நிறுவனத்தின் போர்டோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். பிராசசரை மட்டும் தனியாக வாங்கினால், எந்தப் போர்டிலிருந்து கழற்றியது என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

விலைக்கும் வேகத்துக்கும் எபிக்தான் என்று தொலைபேசியில் சொன்னதில் மாற்றம் இல்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் ஜியானைத்தான் வைத்துக்கொள்வேன். அந்தப் போர்டில் இரண்டாவது பிராசசருக்கான சாக்கெட் காலியாக இருக்கிறது. பழைய 4216 ஒன்றையும் ஆறு ரேமையும் போட்டால் 32 கோர், மெமரி வேகம் நொடிக்கு 230.4 ஜி.பி. ஆகிவிடும். 'பி' எழுத்து உள்ள எபிக்குக்குத் துணை சேர்க்க முடியாது. போர்டு இடம் கொடுத்தால் அதைக் கழற்றிவிட்டு அடுத்த தலைமுறை 7003 வரிசையைப் போடலாம் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு ஜியான் வேண்டும், அவ்வளவுதான். ஆறு ஆண்டுகளாக அது என்னை ஒரு நாள்கூட யாரையும் சந்தேகப்பட வைத்ததில்லை.

நண்பர் சனிக்கிழமை அந்தப் பழைய சர்வரைப் பார்க்கப் போகிறார். நானும் உடன் போகிறேன். மூடியைத் திறந்து எண்ண விடாவிட்டால், லினக்ஸில் ஏற்றி டிஎம்ஐடிகோட் கட்டளை ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பேன். எந்த இடத்தில் ரேம் இருக்கிறது, எது காலி என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிடும். எட்டு இல்லையென்றால், எட்டு வாங்கும் செலவை விலையில் கழிக்கச் சொல்வேன். வாரன்டியில் மாற்றி வந்த 64 ஜி.பி. ரேம் ஒன்று உறை பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது. அதைக் கேட்டால்கூட நண்பருக்குக் கொடுக்க மாட்டேன்.