பாசே நினைவு உதவித்தொகை: 55,000 பவுண்டு எங்கே கரைகிறது?

ஒயின் துறையின் உச்சப் பட்டங்கள் இரண்டு: ஒயின் அறிவுக்கான மாஸ்டர் ஆஃப் ஒயின், ஒயின் பரிமாறும் நிபுணரான சொமெலியேக்களுக்கான மாஸ்டர் சொமெலியே. இரண்டையும் பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் ஜெரார் பாசே. ஒயின் தயாரித்தவர் அல்ல, பரிமாறியவர். 2010-ல் உலகின் சிறந்த சொமெலியே பட்டமும் வென்றவர். 2019 ஜனவரியில் அவர் மறைந்த பிறகு, அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை வழியாக 2021 முதல் கோல்டன் வைன்ஸ் உதவித்தொகை வழங்கப்படுகிறது. ஒயின் தொழிலில் அதிகம் இடம் கிடைக்காத இனத்தவர் இந்தப் பட்டங்களுக்குப் படிப்பதற்கானது. தொடங்கியபோது இருவருக்கு, தலைக்கு 55,000 பவுண்டு.

கேட்க மலைப்பாக இருக்கும். தேர்வைப் பார்த்தால் மலைப்பு குறையும். மாஸ்டர் ஆஃப் ஒயின் இரண்டாம் நிலையில் சுவைத் தேர்வு மட்டும் மூன்று தாள். தாளுக்குப் பன்னிரண்டு ஒயின், பெயர் மறைத்து. நேரம் 2 மணி 15 நிமிடம், அதாவது ஒரு ஒயினுக்குப் பதினொரு நிமிடம். சரியான பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, காரணத்துக்குத்தான் மதிப்பெண். முகர்ந்ததும் லேசான பெட்ரோல் வாசம், நாக்கில் கூர்மையான புளிப்பு என்றால் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை வகை என்று எழுதிவிடலாம். ஆனால் இனிப்பே இல்லை, எலுமிச்சைத் தோல் வாசம், ஆல்கஹால் 12 சதவீதத்துக்கு மேல். ஆகவே ஜெர்மனியின் மோசல் பகுதியில் வரும் இனிப்பு தங்கிய இலகுவான ஒயின் அல்ல, ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு என்று வாதிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். முதலில் ஊரை முடிவு செய்துவிட்டு, சாட்சியை அதற்கேற்ப வளைக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் வர பாட்டில் திறந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு மாதிரித் தேர்வுக்குப் பன்னிரண்டு பாட்டில். 750 மில்லியை 50 மில்லியாக ஊற்றினால் பதினைந்து பேருக்கு வரும். தனியாளாகப் படிப்பவருக்கு மிச்சமெல்லாம் வீண். தக்கையைப் பிடுங்காமல் ஊசி செருகி ஆர்கான் வாயு செலுத்தி ஊற்றும் கருவி உதவும், திருகு மூடிக்குத் தனி மூடி வாங்க வேண்டும். குழுவாகப் படிப்பதே சிக்கனம்.

மாஸ்டர் சொமெலியே பக்கம் போனால் ஆறு ஒயின், 25 நிமிடம், எல்லாம் வாய்மொழி. சுவை, கோட்பாடு, பரிமாறல் மூன்றிலும் 75 சதவீதம் வேண்டும். மூன்று ஆண்டுக்குள் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

படிப்புக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் உதவித்தொகை ஏற்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் கூடவே வரும் ஒயின் ஆலைப் பயிற்சி என்பது எங்கள் கணிப்பு. நொதித் தொட்டி அருகே நின்றவருக்கு 'இது மரப்பீப்பாயில் நொதித்ததா?' என்ற கேள்விக்கு விடை வெறும் மனப்பாடமாக இருக்காது.

குறை ஒன்று உண்டு. மாஸ்டர் ஆஃப் ஒயினில் சேரவே, ஒயின் படிப்புகளை நடத்தும் டபிள்யூ.எஸ்.இ.டி. அமைப்பின் டிப்ளமோ அல்லது அதற்கு இணையான படிப்பு, மூன்று ஆண்டு தொழில் அனுபவம், பரிந்துரை எல்லாம் வேண்டும். கைக்காசு அதிகம் கரையும் அந்த முதல் படிகளைத் தாண்டியவருக்கே இந்த வாசல். 2016-ல் சோனல் ஹாலண்ட் முதல் இந்திய மாஸ்டர் ஆஃப் ஒயின் ஆனபோது இந்த உதவித்தொகையே கிடையாது. டிப்ளமோ கையில் இருந்தால் விண்ணப்பியுங்கள். டிப்ளமோவுக்கு முந்தைய படியான டபிள்யூ.எஸ்.இ.டி. மூன்றாம் நிலை படிப்பவர்கள் இப்போதைக்கு வேறு உதவி தேடுவதே நல்லது.