அடியில் இறங்கும் ஊதா: கஞ்சா சோதனைப் பையுடன் ஆறு ஆண்டுகள்

உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் பை. உள்ளே மூன்று சிறு கண்ணாடிக் குப்பிகள். மிளகளவு இலைத்துகளைப் போட்டு மூடிவிட்டுக் குப்பிகளை வரிசையாக அழுத்தி உடைத்துக் குலுக்க வேண்டும். வரிசை மாறினால் அந்தப் பை வீண். முதல் மாதத்தில் நான்கைந்தை அப்படித்தான் தொலைத்தேன்.

முதல் குப்பியில் எத்தனாலில் கரைத்த வெனிலினும் அசிட்டால்டிஹைடும், இரண்டாவதில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சற்று நேரத்தில் ஊதா படரும். புதியவர்கள் இங்கேயே துள்ளிக் குதிப்பார்கள். டுகெனுவா என்ற ஆய்வாளர் 1930-களில் வகுத்த முறை இவ்வளவுதான். ஆனால் வேறு சில தாவரச் சாறுகளும் ஊதா காட்டும். அந்த ஓட்டையை அடைக்கப் பின்னர் லெவின் என்பவர் சேர்த்த குளோரோஃபார்ம்தான் மூன்றாவது குப்பி. அது நீரைவிடக் கனமானது, அடியில் தங்கும். ஊதா அங்கே இறங்கினால்தான் கணக்கில் சேரும். ஒருமுறை மூலிகைப் பொடி ஒன்றில் மேலடுக்கு நன்றாகவே நிறம் மாறியது. அடி தெளிவாகக் கிடந்தது. அதற்குள் என் சக ஊழியர் பேனாவைத் திறந்துவிட்டார்!

இரவில் மஞ்சள் தெருவிளக்கின் கீழ் ஊதா கருப்பாகத்தான் தெரியும். வெள்ளை ஒளி டார்ச் கட்டாயம். வெயிலில் நின்ற வாகனத்துக்குள் பெட்டியை மறந்துவிட்டு வந்த பின், முதல் குப்பியின் திரவம் அடர் மஞ்சளாக மாறியிருந்தது. மொத்தப் பெட்டியையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து, புதுப் பெட்டி பிரித்தால் மாதிரி எதுவும் போடாமல் ஒரு பையை உடைத்துப் பார்க்கிறேன். அமிலம் கசிந்தால் சோடியம் பைகார்பனேட்; இதை என் சட்டைக் கை கற்றுத் தந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். சரியாகாத குறை வேறு. கஞ்சாச் செடியிலுள்ள இரு வேதிப்பொருள்களான, போதை தரும் டிஎச்சிக்கும் போதை தராத சிபிடிக்கும் பை ஒரே ஊதாவைத்தான் காட்டும். அமெரிக்கச் சட்டம் 2018-இல் 0.3 சதவீத டிஎச்சியை எல்லைக்கோடாக வைத்து, டிஎச்சி குறைந்த கஞ்சாச் செடியான ஹெம்பைத் தனியே பிரித்தது; பைக்கு அந்தக் கோடு தெரியாது. நான் ஊதா என்று எழுதிய ஒரு பொட்டலம், ஒன்பது நாள் கழித்து வெறும் ஹெம்ப் என்று ஆய்வகத்திலிருந்து திரும்பியது. அந்த ஒன்பது நாள் அதன் உரிமையாளருக்கு எப்படிக் கழிந்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

இப்போது கூடவே 4-அமினோஃபீனால் சோதனையும் செய்கிறேன். டிஎச்சி மிகுந்தால் நீலம், சிபிடி மிகுந்தால் இளஞ்சிவப்பு. இதுவும் இரண்டில் எது மிகுதி என்றுதான் சொல்லும், சதவீதம் சொல்லாது. இரண்டும் ஏறத்தாழ சமமாக இருந்தால் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது வீண் வேலை.

பைகளை இன்னும் வாங்குகிறேன். நூறு பொட்டலங்களில் எதை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய இவ்வளவு விரைவான கருவி என்னிடம் வேறில்லை. படிவத்தில் மட்டும் ‘கஞ்சா’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். ‘அடியடுக்கில் ஊதா, ஆய்வக முடிவு நிலுவையில்’ என்றே எழுதுகிறேன்.