ஃபாக்ஸே குவாரியில் நண்டுத் தேடல்: ஒரு மதிப்புரை

டென்மார்க்கின் சீலாந்து தீவிலுள்ள ஃபாக்ஸே சுண்ணாம்புக்கல் குவாரிக்கும் அதன் விளிம்பிலேயே அமைந்த ஜியோமியூசியம் என்ற நிலவியல் அருங்காட்சியகத்துக்கும் செல்ல எண்ணுவோர் டைனோசரை மறந்துவிட்டுச் செல்வது நல்லது. இங்கே பார்க்க வேண்டியவை புதைபடிவங்களாகக் கல்லில் பதிந்த பவளமும் சிப்பியும் சுறாப் பல்லும். அவற்றைவிட முக்கியமாக, நண்டு.

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உயிரினங்கள் பேரளவில் அழிந்தன. அதன்பின் ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகள் கழித்து, வெயில் எட்டாத ஆழத்தில், குளிர்ந்த கடலில் வளர்ந்த பவளத் திட்டுகளே இந்தக் குவாரியின் பாறை. அப்பவளக் கிளைகளின் இடுக்குகளில் ஒண்டி வாழ்ந்த நண்டுகளுள் மிகுதியாகக் கிடைப்பது, 1820-லேயே விவரிக்கப்பட்ட டிரோமியாப்சிஸ் ருகோசா. அதன் ஓடு கட்டைவிரல் நகத்தளவுதான். புடைத்த முதுகில் மணல் தூவியதுபோல் நுண்ணிய பருக்களும் குறுக்கே ஓடும் பள்ளங்களும் தெளிவாகத் தெரிகின்றன. கால்கள் ஒட்டியபடி கிடைப்பது அரிது. பேரழிவுக்குப் பின் நண்டுகள் தழைத்தன என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒளிந்துகொள்ளப் பவளம் வாய்த்த இடத்தில் தழைத்தன என்று சொல்வதே பொருத்தம் என்பது இப்பாறையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது விளங்குகிறது. எனக்கு இந்தப் பயணத்தின் பயன் இதுவே.

அருங்காட்சியகத்தில் சுத்தியலும் உளியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. வழிகாட்டியுடன் இறங்கும் ஏற்பாடும் உண்டு. முதன்முறை செல்வோர் வழிகாட்டியுடன் செல்வதே மேல், ஏனெனில் பழகாத கண்ணுக்கு நண்டு ஓடும் வெறும் கல் முண்டும் ஒன்றாகவே தோன்றும். மழை பெய்த மறுநாள் சுண்ணாம்புச் சேறு காலணியை விடாது. பழைய காலணியே போதும். பளபளப்பான பெரிய நண்டை வீட்டு அலமாரியில் வைக்க விரும்புவோருக்கு இவ்விடம் ஏற்றதன்று.

கையில் ஒரு நாள் இருந்தால், காலையில் ஸ்டெவன்ஸ் கிளின்ட் கடற்பாறைக்குச் சென்று, பேரழிவைக் குறிக்கும் மெல்லிய களிமண் அடுக்கைப் பார்த்துவிட்டு, அதன்பின் ஃபாக்ஸேக்கு வருமாறு பரிந்துரைப்பேன். 2014 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள அந்தப் பாறைக்கும் குவாரிக்கும் காரில் அதிகத் தொலைவில்லை. குவாரியில் கண்டெடுப்பதை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். அறிவியல் நோக்கில் அரிய பொருளாயின் டேனிஷ் சட்டப்படி அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அதற்கு வெகுமதியும் தரப்படுகிறது.