கடலோர முற்றத்தில் குண்டுமல்லியா, அரளியா?

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பும் ஒரு ரோடும்தான். குடிவந்த வருடம் ஆசையாக மூன்று ரோஜாச் செடி வைத்தேன். சித்திரை முடிவதற்குள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, மொட்டு விரியாமலே கருகிவிட்டது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உரம் போட்டேன். ஏற்கெனவே உப்பில் தவித்த வேருக்கு அது மேலும் உப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது. ரோஜாவுக்கு உப்பு ஆகவே ஆகாது என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அதற்குப் பிறகு பல செடி வைத்துப் பார்த்ததில் இந்த மண்ணில் நின்று பூத்தவை என்று இரண்டைத்தான் உறுதியாகச் சொல்வேன்: குண்டுமல்லி, அரளி. இரண்டில் எதை வைக்கலாம் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கிணற்றுத் தண்ணி எப்படி?

தண்ணீர்தான் முதல்

நம் கரையோர மணலில் மழைத் தண்ணீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக நிற்கிறது. கயிற்று வாளியால் இறைத்த காலத்தில் அந்த அடுக்கு கலையவில்லை. மோட்டார் போட்டு ஒரே மூச்சில் உறிஞ்சினால் கீழே கிடக்கும் உப்பு மேலேறி வந்துவிடும். அதனால் தை மாதம் இனித்த கிணறு ஆனியில் கரிக்கும். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பது என்றால் வைகாசி, ஆனியில் பாருங்கள். மழை முடிந்த கையோடு பார்த்துவிட்டு மல்லி வைத்தவர்கள் அடுத்த கோடையில் நொந்துபோவார்கள்.

மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் மின்கடத்துத் திறன் என்று, தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதைக் காட்டும் ஒரு எண் தருவார்கள். அது மீட்டருக்கு 0.7 டெசிசீமனுக்குள் இருந்தால் எந்தப் பூவையும் யோசிக்காமல் வைக்கலாம். 3-ஐத் தாண்டினால் மல்லியை மறந்துவிடுவது நல்லது. நடுவில் இருந்தால் மல்லி பிழைக்கும், ஆனால் நீங்கள் அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். அரளிக்கு இந்தக் கவலை குறைவு. கரிக்கிற தண்ணீரிலும் அது பூக்கும். வேர் பிடித்துவிட்டால் வாரத்துக்கு ஒரு தண்ணீர்கூடப் போதும்.

இதை வைத்து மல்லி நம் ஊருக்கு ஆகாத செடி என்று நினைத்துவிடாதீர்கள். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம், அக்காள்மடம் பக்கம் மல்லி நாற்றுதான் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியின் தோட்டங்களுக்கும் இங்கிருந்துதான் நாற்று போகிறது. பொலபொலப்பான மணலில் குச்சி அழுகாமல் வேர்விடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அங்கே ஒரு தோப்பில் கண்ணால் பார்த்தேன். ஆழமில்லாத குழியில் ஊறும் தண்ணீரைக் குடத்தால் மொண்டு, பாத்தி பாத்தியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேலடுக்கு நல்ல தண்ணீர் மட்டும்தான் செடிக்குப் போகிறது. வீட்டில் மல்லி வைக்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் போதும். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று இறையுங்கள். தொட்டி நிரம்பும்வரை மோட்டாரை ஓடவிடாதீர்கள்.

காற்று எந்தப் பக்கம்?

தீவில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். செடிக்கும் அந்த வித்தியாசம் தெரியும். கீழக்கரை, ஏர்வாடி மாதிரித் தென்கரை ஊர்களில் ஆடிக் காற்று கடலிலிருந்து உப்பையும் மணலையும் வாரி அடிக்கும். அப்போது மழையும் இருக்காது, இலையில் படிந்த உப்பு அப்படியே கிடந்து சுடும். பெண் கடலைப் பார்த்த தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கடல்காற்று வாடையாக வரும். கூடவே மழை வந்து இலையைக் கழுவிவிடும். தென்கரையில் மல்லியைத் திறந்த வெளியில் வைத்தால் ஆடி முடிவதற்குள் பாதி இலை பழுப்பாகிவிடும். அரளியின் இலை தடித்தது, தோல் மாதிரி. அதே காற்றில் அசையாமல் நிற்கும்.

காற்றில் அரளிக்குத்தான் வெற்றி, சந்தேகமே இல்லை.

மண்ணும் மஞ்சள் இலையும்

நம் மணலில் சங்குச் சில்லும் பவளக்கல் துகளும் கலந்து கிடப்பதால் சுண்ணாம்பு அதிகம். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. மல்லியின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் காரணம் அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்புச் சல்பேட்) கரைத்து, சாயங்கால நேரத்தில் இலை நனையத் தெளித்தால் பச்சை திரும்பும். இட்லிப்பூவுக்கும் இதே தொல்லை, இன்னும் கடுமையாக. அதனால்தான் தீவுப் பக்கம் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மல்லிக்கு ஒன்றரை அடிக் குழி எடுத்து, மணலைத் தள்ளிவிட்டு, செம்மண்ணோ கண்மாய்க் கரம்பையோ பாதி, மக்கிய ஆட்டுப் புழுக்கை கால், பழைய மணல் கால் என்று நிரப்புங்கள். கரையில் ஒதுங்கும் கடற்பாசியும் நல்ல உரம்தான். ஆனால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, மக்கவைத்த பிறகுதான் போட வேண்டும். அரளிக்கு இவ்வளவு சீர் தேவையில்லை. பென்சில் தடிமனில் ஒரு குச்சியை வெட்டி ஈர மணலில் செருகினாலே துளிர்க்கும்.

யாருக்கு வேலை அதிகம்?

மல்லிக்குத்தான். கார்த்திகைக் கடைசியில் மழை விட்ட ஒரு நாளில் முழங்கால் உயரம் விட்டுக் கவாத்துப் பண்ண வேண்டும். தயங்காமல் வெட்டுங்கள், வெட்டாத செடி கொடி மாதிரி நீண்டு பூவைக் குறைத்துக்கொள்ளும். மொட்டு ஊதா நிறமாக மாறினால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. அதை அன்றன்றே கிள்ளி அழித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை காதி சோப்புக் கரைசலோடு சேர்த்துத் தெளிக்கலாம். கோடையில் இலைக்கு அடியில் நூலாம்படை மாதிரி தெரிந்தால் செஞ்சிலந்தி; தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும்.

அரளியில் மஞ்சள் அசுவினி மொய்க்கும். கண் போன்ற நீலப் புள்ளி உள்ள பெரிய பச்சைப் புழு ஒன்றும் வரும். அதைக் கொல்ல வேண்டாம், அழகான பச்சை அந்துப்பூச்சியாக மாறும். நாலு இலை தின்றாலும் செடி தாங்கும்.

பூ எதற்கு, யார் வீட்டில்?

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார்: “மல்லின்னா தலைக்கும் ஆகும், சாமிக்கும் ஆகும். அரளியை வச்சு என்னத்தா செய்யப் போற?” நியாயமான கேள்வி. மல்லி கோயிலுக்குப் போகும், தர்காவுக்குப் போகும், தேவாலயத்துக்குப் போகும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சடையிலும் ஏறும். விடியும் முன்னே மொட்டாகப் பறித்துவைத்தால் அந்திக்கு வீடெல்லாம் மணக்கும். அந்த மணத்துக்கு அரளி ஈடாகாது. அரளி சாமி மாலைக்கும் கண்ணுக்கும்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரளியின் வேர், பட்டை, இலை, பூ எல்லாமே விஷம். இதயத் துடிப்பையே குலைக்கும். மஞ்சள் பொன்னரளி வேறு செடி, ஆனால் அதன் காயும் அதேபோல் ஆளைக் கொல்லும். கவாத்துச் செய்த அரளிக் கிளையை ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் போடாதீர்கள், அடுப்பிலும் எரிக்காதீர்கள், புகையும் கெடுதல்தான். பால் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தவழும் குழந்தையும் அவிழ்த்துவிட்ட வெள்ளாடும் உள்ள வீட்டில் அரளியை நான் வைக்கச் சொல்ல மாட்டேன். அங்கே தண்ணீரும் உப்பு என்றால் காகிதப்பூ போதும். முள் உண்டு, ஆனால் உப்பையும் காற்றையும் தாங்கும், தண்ணீரைக் குறைத்தால்தான் நன்றாகவே பூக்கும். நித்தியகல்யாணியும் உப்பைத் தாங்கும், ஆடு கடிக்காது, ஆனால் அதுவும் வாயில் வைக்கும் செடி இல்லை. புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் மருந்து எடுப்பது அதன் இலையிலிருந்துதான். சுடுகாட்டு மல்லி என்ற பெயருக்காக அதை ஒதுக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம், தண்ணீர் ஆனியிலும் இனிக்கிறது என்றால் என் ஓட்டு மல்லிக்கு. வேலை அதிகம்தான், ஆனால் பங்குனிக் காலையில் மடி நிறைய மொட்டோடு எழுந்திருக்கும்போது அந்த வேலை நினைவில் இருப்பதில்லை.

சின்னப் பிள்ளைகள் இல்லாத வீடாக இருந்து, இரண்டுக்கும் இடமும் இருந்தால் ஒரே வருடத்தில் இரண்டையும் நடாதீர்கள். இந்த ஐப்பசியில் கடலைப் பார்த்த வேலியோரம் மூன்றடிக்கு ஒன்றாக அரளிக் குச்சி ஊன்றுங்கள். அடுத்த ஆடிக் காற்றை அது வாங்கிப் பழகட்டும். அதற்கடுத்த ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து மண்ணின் உப்பைக் கழுவிய பிறகு, அரளி வரிசைக்கு உள்பக்கம் ஆறடி தள்ளி மல்லிக்குக் குழி எடுக்கலாம். முதல் கோடைக்கு மட்டும் தெற்கே ஒரு பனையோலைத் தட்டி கட்டிவிடுங்கள்.