ஃபேசியாவுக்கு 3 மி.மீ. டெம்பர்டு ஹார்ட்போர்டு: வாங்கலாம், ஓரத்தில்தான் வம்பு

மாடல் ரயில் லேஅவுட்டின் (தண்டவாளமும் நிலக்காட்சியும் அமைந்த மேடை) முன்விளிம்பை மூடும் ஃபேசியாவுக்கு அமெரிக்க ஹாபிக்காரர்கள் நெடுங்காலமாக எடுக்கும் பலகை இது. மேசனைட் என்றும் சொல்வார்கள். மரநாரை அழுத்திச் செய்த பலகைதான் ஹார்ட்போர்டு. டெம்பர்டு வகை எண்ணெய் ஊட்டிச் சூடேற்றியிருப்பதால் சாதா ஹார்ட்போர்டைவிடக் கெட்டி. 5க்கு 4 தரலாம்.

4க்கு 8 அடி ஷீட்டை 9 அங்குலப் பட்டைகளாக அறுத்தால் ஐந்து தேறும். 40 அடி ஓடும். ஒன்றரை அடி ஆர வளைவில்கூட நனைக்காமலே வளைகிறது. முக்கால் அங்குல ப்ளைவுட்டில் அதெல்லாம் நடக்காது. பலர் கவனிக்காத வசதி ஒன்று: ஃபேசியாவில் மாட்டும் மினி டாகிள் ஸ்விட்சின் மரைக் கழுத்து குட்டை. தடித்த பலகை என்றால் பின்னால் குடைந்தால்தான் நட்டு ஏறும். இதில் கால் அங்குலத் துளை போட்டு நேரே மாட்டிவிடலாம்.

லேஅவுட்டின் மலை, பள்ளம் ஏறி இறங்கும் விளிம்பைப் பட்டையின் பின்பக்கம் பென்சிலால் வரைந்து, வழவழப்பான முகத்தைக் கீழே வைத்து ஜிக்சா ஓட்டுங்கள். பிளேடின் பல் மேல்நோக்கி வெட்டுவதால் பிசிறு மேல்முகத்தில்தான் வரும். ஸ்க்ரூவை அடிக்கு ஒன்றாக, முன்துளை போட்டுத் தலை அமிழும்படி முடுக்குங்கள். முன்துளை இல்லாவிட்டால் சுற்றிலும் பலகை உப்பிக்கொள்ளும்.

குறை என்றால் ஈரம். அறுத்த ஓரம் தண்ணீரைக் குடித்து வீங்கும். சீனரி (மலை, மண், புல்) செய்யும்போது பிளாஸ்டரும் நீர்த்த பசையும் வழிவது அங்கேதான். சீனரி தொடங்குமுன் மேல்விளிம்புக்கு ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) இரண்டு கோட் அடித்தாக வேண்டும். வறண்ட குளிர்காலத்தில் பட்டைகளை இடித்து மாட்டினால் மழைக்காலத்தில் இணைப்பு புடைக்கும். பலகையை இரண்டு நாள் அதே அறையில் போட்டுவைத்து, இணைப்பில் ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள், பின்னால் 4 அங்குலத் துண்டு கொடுத்து ஒட்டுங்கள். இடைவெளிக்குச் சுவர்ப் பட்டி வேண்டாம், வெடிக்கும். கார் டிங்கரிங் கடைப் பட்டி நிற்கும்.

பெயின்ட் நேராக அடித்தால் உரியும். 150 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பைக் கொன்று, பிரைமர் ஒரு கோட், பிறகு சாட்டின் (மிதமான மினுமினுப்பு) பெயின்ட் இரண்டு கோட். பளபளக்கும் கிளாஸ் பெயின்ட்டில் ஒவ்வொரு இணைப்பும் பல்லிளிக்கும். மினுமினுப்பே இல்லாத மேட் பெயின்ட்டில் கைரேகை ஒட்டும். துளைகளையெல்லாம் முன்பே போட்டுவிடுங்கள். பெயின்ட் அடித்தபின் போட்டால் ஓரம் பெயர்ந்துவிடும்.

எம்.டி.எஃப். (நடுத்தர அடர்த்தி மரநார்ப் பலகை) எடுக்கலாமா என்றால், நேர்கோட்டில் ஓடும், ஈரம் படாத லேஅவுட்டுக்கு மட்டும்.