ஜாஸ் பியானோ இம்ப்ரவைசேஷன்: பல வருடப் பழக்கத்தில் நின்ற பயிற்சிகள், நிற்காதவை

ஜாஸில் இம்ப்ரவைசேஷன், அதாவது மனோதர்மமாக வாசிப்பது, பழகத் தொடங்கும்போது ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வர அடுக்கு) ஒரு ஸ்கேல் (ஸ்வர வரிசை) என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வதிலேயே பலருக்கு முதல் வருடம் போய்விடுகிறது. டி மைனர் 7 வந்தால் டோரியன், ஜி 7 வந்தால் மிக்ஸோலிடியன் என்று போகும் அந்த அட்டவணை. நீண்ட காலம் வாசித்துப் பார்த்ததில் மிகக் குறைந்த பலன் தந்தது இந்த வழிதான். தப்பு ஸ்வரம் விழாது. ஆனால் வாசிப்பு எங்கே போகிறது என்று கேட்பவருக்குப் பிடிபடாது.

காரணத்தைக் கட்டையில் கை வைத்தே பார்க்கலாம். ஜி 7 கார்டின் மேல், ஒரு பீட்டுக்கு (தாளத் தட்டுக்கு) இரண்டு நோட்டாக ஜி-யிலிருந்து கீழே இறங்குங்கள்: ஜி, எஃப், இ, டி, சி, பி, ஏ. பீட்டின் மேல் விழுபவை ஜி, இ, சி, ஏ. கார்டுக்குரிய எஃப், டி, பி மூன்றும் பீட்டுக்கு நடுவில் மறைந்துபோகின்றன. இப்போது ஜி-க்கும் எஃப்-க்கும் இடையில் எஃப் ஷார்ப்பைச் சேர்த்து இறங்கிப் பாருங்கள். பீட்டில் விழுபவை ஜி, எஃப், டி, பி. இடது கை சும்மா இருந்தாலும் கார்டு காதில் விழுகிறது. பீபாப் என்ற ஜாஸ் பாணியின் பெயரால் பீபாப் ஸ்கேல் என்பது இதுதான். டெட்ராய்டில் பிறந்து 2021இல் மறைந்த பியானோ கலைஞர் பேரி ஹாரிஸ் நியூயார்க்கில் பல பத்தாண்டுகள் நடத்திய வகுப்புகளில், இப்படிக் கூடுதல் அரை ஸ்வரத்தை எங்கே சேர்ப்பது என்பது ஒரு முக்கியப் பாடம். ஒரே நிபந்தனை: கார்டின் ஸ்வரத்தில், பீட்டின் மேல் தொடங்க வேண்டும். அரை பீட் தள்ளித் தொடங்கினால் கணக்கு முழுதும் தலைகீழாகிவிடும்.

அடுத்து இடது கை. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். சி மேஜரில் 2-5-1 நகர்வுக்கு (ஸ்கேலின் 2, 5, 1-ஆம் ஸ்வரங்களின் மேல் அமையும் கார்டுகள் அடுத்தடுத்து வருவது), நடு சி-க்குக் கீழே உள்ள எஃப்-இல் தொடங்கி எஃப்–ஏ–சி–இ பிடியுங்கள். இது டி மைனர் 7. கார்டுக்குப் பெயர் தரும் மூலஸ்வரமான டி இதில் கிடையாது. ஜி 7-க்கு சி மட்டும் பி-க்கு இறங்குகிறது: எஃப்–ஏ–பி–இ. சி மேஜர் 7-க்கு பி அப்படியே நிற்க, மற்ற மூன்று விரல்களும் ஒரு படி இறங்குகின்றன: இ–ஜி–பி–டி. கை இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1961இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்த பதிவுகளில் இடது கை இவ்வளவு லேசாக ஒலிப்பதற்கு இந்த அமைப்பு ஒரு காரணம். கீழே ஸ்காட் லஃபாரோவின் பாஸ் (கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் தந்தி வாத்தியம்) இருந்ததால் மூலஸ்வரத்தை பியானோ சுமக்க வேண்டியதில்லை.

எல்லா ஸ்கேலுக்கும் (இங்கே சுருதி என்ற பொருளில்) இதே வடிவம் ஒத்துவராது. ஜி மேஜரில் இப்படித் தொடங்கினால் ஒன்று, கை மிக மேலே ஏறி வலது கையோடு மோதும், அல்லது மிகக் கீழே போய்க் குழம்பலாகக் கேட்கும். அங்கே அடுக்கைப் புரட்டிக்கொள்ள வேண்டும்: ஏ மைனர் 7-க்கு ஜி–பி–சி–இ, டி 7-க்கு எஃப் ஷார்ப்–பி–சி–இ, ஜி மேஜர் 7-க்கு எஃப் ஷார்ப்–ஏ–பி–டி. அடி ஸ்வரம் நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே உள்ள சி-யைத் தாண்டி இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மாதக்கணக்கில் பழகிய பிறகுதான் வெளியே வரும் ஒரு கோளாறு இதில் உண்டு. எஃப்–ஏ–சி–இ என்பது எஃப் மேஜர் 7-ம் கூட. பாஸ் இல்லாமல் தனியாகவே பழகுகிறவரின் காது அதை எஃப் என்றே பதிந்துகொள்ளும். வடிவம் சரியாக விழும், ஆனால் டி-யின் மேல் வாசிக்கிறோம் என்ற உணர்வே வராது. அதனால் தினமும் சில நிமிடம் இடது கையில் டி, ஜி, சி என்று மூலஸ்வரத்தைத் தனியாக அடித்து, அதே அடுக்கை வலது கையில் பிடிக்க வேண்டும். தனியாக வாசிக்கும்போது பியானோ கலைஞர் பட் பவல் பாணியில் மூலஸ்வரமும் ஏழாவதும், அல்லது மூலஸ்வரமும் மூன்றாவதும் என்று இரண்டே ஸ்வரம் பிடிப்பது இன்னும் நல்லது.

வலது கைக்கு முதல் வரி: டி–எஃப்–ஏ–சி, அடுத்த பாரில் (பார் என்பது இங்கே நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று) பி–ஏ–ஜி–எஃப், முடிவு இ. பீட்டுக்கு ஒரு நோட்டுதான். சி-யிலிருந்து பி-க்கும், எஃப்-இலிருந்து இ-க்கும் இறங்கும் அந்த இரண்டு அரைப்படிகளில்தான் கார்டு மாறுவது தெரிகிறது. இது கையில் ஏறியதும் இரண்டாவது பாரை பி–ஏ–எஃப்–டி ஷார்ப் என்று மாற்றுங்கள். இ-யை மேலிருந்தும் கீழிருந்தும் நெருங்கிப் பிடிக்கும் அந்தத் திருப்பத்தில் ஜாஸின் வாசனை உடனே வந்துவிடும். பிறகு பன்னிரண்டு ஸ்கேலிலும் வாசிக்க வேண்டும். கீபோர்டில் சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டன் நம் ஊர் வாசிப்பாளர்களுக்குப் பழகிப்போன வசதி. இந்தப் பயிற்சியில் அதைத் தொடவே கூடாது. ஒரு வாரத்துக்கு ஒரு ஸ்கேல் போதும்.

மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) 2, 4 பீட்டுகளில் வைப்பது நான் முழு மனதோடு சிபாரிசு செய்யும் பழக்கம். டிரம்மரின் ஹை-ஹேட் (காலால் மூடும் ஜோடித் தட்டு) மூடும் இடம் அது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 பீட் என்றால் கருவியை 60-இல் வைத்து, முதல் ஒலியையே இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். சில நிமிடத்தில் மனம் நழுவி அதை ஒன்று, மூன்றாகக் கேட்க ஆரம்பிக்கும். சமத்தில் அழுத்தம் தந்து தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். நழுவினால் கையை எடுத்துவிட்டு, வாயால் எண்ணி, மறுபடி சேர வேண்டும். ஸ்விங்கை, அதாவது ஒரு பீட்டின் இரண்டு நோட்டுகளில் முதலாவதைச் சற்று நீட்டும் ஜாஸ் நடையை, நொண்டி நடையாகத் துள்ள விடாதீர்கள். வேகம் 200-ஐத் தாண்டும்போது இரண்டு நோட்டுகளும் ஏறக்குறைய சம நீளம்தான். பீட்டுக்கு நடுவில் வரும் நோட்டுக்குக் கொடுக்கும் அழுத்தம்தான் ஸ்விங்கைத் தருகிறது. ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

பக்கவாத்திய ஆப்கள் நல்ல துணை. ஜேமி ஏபர்சோல்ட் 1967இல் தொடங்கிய பிளே-அலாங் ரெக்கார்டுகளில் பியானோ ஒரு பக்க ஸ்பீக்கரிலும் பாஸ் மறுபக்கத்திலும் இருக்கும். பியானோ பழகுகிறவர் பியானோ பக்கத்தை அணைத்துவிடலாம். ஆப்பிலும் அதையே செய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடது கைகள் மோதிக்கொள்ளும். பெரிய குறை, ஆப் ஒருபோதும் தடுமாறாது என்பதுதான். 32 பார் பாட்டில் நடுப்பகுதி எப்போது வருகிறது என்று அதுவே சொல்லிவிடுவதால், உண்மையான பாஸ் வாசிப்பவரோடு உட்காரும் நாளில் இடம் தவறிப்போகும். ஒரு சுற்று ஆப்போடு, ஒரு சுற்று வெறும் மெட்ரோனோமோடு என்று மாற்றி மாற்றி வாசிப்பது இதற்கு மருந்து.

எல்லாவற்றையும் விட ஆழமாகப் பதிந்தது, பதிவைக் கேட்டு எடுத்து வாசிப்பது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவோடு 1959இல் பியானோ கலைஞர் வின்டன் கெல்லி வாசித்த பி ஃப்ளாட் ப்ளூஸ் சோலோ தொடங்குவதற்கு ஏற்றது: நடுத்தர வேகம், தெளிவான வாக்கியங்கள், போதுமான இடைவெளி. வேகத்தை 70 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம். பாதிக்கும் கீழே போனால் பியானோவின் தட்டல் ஒலி குழைந்து, நோட்டு பீட்டில் எங்கே உட்காருகிறது என்பதே தெரியாது. முதலில் வாயால் பாட வேண்டும், காகிதத்தில் எழுதுவது கடைசி வேலை. பியானோ கலைஞரும் ஆசிரியருமான லென்னி டிரிஸ்டானோ தம் மாணவர்களை சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் சோலோக்களைப் பாடவைத்த பிறகே வாசிக்க விட்டார். நான்கு பார் முழுதாகப் பாட வந்தால், கை தானாகத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

வாரம் ஒரு முறை சொந்த வாசிப்பைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வாக்கியங்கள் எல்லாம் பாரின் முதல் பீட்டிலேயே தொடங்குகின்றனவா? அப்படியென்றால் அடுத்த வாரம் முழுதும் முதல் பீட்டில் கையைக் கட்டையில் வைக்காமல் வாசித்துப் பாருங்கள்.